ஏழாம் நம்பர் துணி

மரியே வாழ்க
திண்டுக்கல்
19.2.2025

அன்புத் தம்பி ஜெரினுக்கு,

அக்கா கிளாரா எழுதுவது. நானும் என் மகள் ஆனந்தியும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். அதற்கு மேல் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். அங்கே நீ சாப்பிடுகிறாயா, படுக்க இடம் கிடைத்ததா என்று எழுது. இடது தோள்பட்டை எலும்புக்கு இன்னும் கட்டுப் போட்டிருக்கிறது, பஸ் ஏற முடியவில்லை. அதனால்தான் மனுப் போட்டு உன்னைப் பார்க்க வரவில்லை. எழுதுகிற கை நன்றாக இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ செய்ததை நான் குறை சொல்லப்போவதில்லை. உன் மச்சானைப் புதைத்த மூன்றாம் நாள், சைக்கிள் சீட் கம்பியை எடுத்துக்கொண்டு நீ உடையப்பன் வீட்டுக்குப் போனாய் என்று கேட்டபோது என் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. போலீசுக்குப் பயந்து ஒளிந்திருந்தவன் அன்றுதான் வீட்டுக்கு வந்தானாம். அவனுக்குத் தாடை மூன்று இடத்தில் உடைந்திருக்கிறதாம். மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டி வைத்திருக்கிறார்கள். வாயைத் திறக்க முடியாது, பேச முடியாது, குழாயில்தான் கஞ்சி. உயிரோடு விட்டுவிட்டாயே என்பது மட்டும்தான் எனக்கு வருத்தம். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் இப்படி எழுதலாமா என்று யாராவது கேட்டால் கேட்கட்டும்.

அன்று நீ வரவில்லை, காய்ச்சலில் படுத்திருந்தேன் என்று அப்புறம்தான் சொன்னாய். அதனால் நடந்ததை ஒரே ஒரு முறை எழுதுகிறேன். ஞாயிறு காலை வழக்கம்போல எட்டுப் பேர் சைக்கிளில் கிளம்பினோம். ஆற்றுப் படுகை முடிந்து செம்மண் சரளையில் ஏறியபோது சிறுமலை மேல் வெளிச்சம் வந்துவிட்டது. உடையப்பன் மாந்தோப்பு முகப்பில், அந்தப் புளியமரத்தில், வெள்ளைத் துணி கட்டியிருந்தது. "துணி இருக்கு, அழுத்துங்க" என்று சொல்லிவிட்டு அவர் முன்னால் போனார். அரைக் கிலோமீட்டர் போயிருப்போம். முழங்கால் உயரத்தில் பாதைக்குக் குறுக்கே கம்பி. முன் சக்கரம் மாட்டியதும் அவர் நெஞ்சோடு அதன் மேல் விழுந்தார். சத்தம் போடவில்லை. துள்ளினார், அவ்வளவுதான். நான் பிரேக் பிடித்து ஓடையில் விழுந்து, எழுந்து அவரிடம் ஓடினேன். கூட வந்த ஆனந்த்ராஜ் அண்ணன் என் முடியைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி மேலே உட்கார்ந்துகொண்டார். அந்த அண்ணன் கையைச் சதை தெரியக் கடித்தேன். விடவில்லை. உடையப்பன் பெண்டாட்டி பேச்சாயி மோட்டார் ரூமுக்கு ஓடிப் போய்க் கரண்டை நிறுத்தும்வரை கருகுகிற வாசனையோடு அப்படியே கிடந்தேன்.

போலீஸ்காரர் துணியைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். நம் வழக்கத்தை அவருக்கு விளக்கினேன். பைபாஸில் லாரி அடித்து நம்மோடு ஓட்டிய செழியன் செத்த பிறகு, தார் ரோட்டில் சக்கரம் படக்கூடாது என்று உன் மச்சான் கண்டுபிடித்த பாதை இது. மொத்தம் பன்னிரண்டு துண்டு. சனிக்கிழமை சாயங்காலம் ஒருவர் வெள்ளோட்டம் போக வேண்டும். கடைசிவரை போய்ப் பார்த்துவிட்டு, அதே வழியில் திரும்பும்போது ஒவ்வொரு துண்டின் முகப்பிலும் துணி கட்ட வேண்டும். துணி இருந்தால் வேகம் குறைக்க வேண்டாம், இல்லாவிட்டால் இறங்கித் தள்ள வேண்டும். "போறப்ப பாரு, வாறப்ப கட்டு" என்று அவர் உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார். அந்த வாரம் வெள்ளோட்டம் உன் முறை. அப்புறம் எப்படி அங்கே கம்பி வந்தது? அதை எனக்கு எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். மாதாவிடம் உனக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உன் அக்கா
கிளாரா

* * *

சிறையிலிருந்து
3.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ஜெரின் எழுதுவது. எனக்கு ஒரு குறையும் இல்லை. தோள்பட்டையை அசைக்காதே, ஆனந்தியைத் தூக்காதே. களி, சோறு, ஒரு குழம்பு கொடுக்கிறார்கள். குழம்பில் என்ன இருக்கிறது என்று இங்கே இரண்டு வருஷம் இருப்பவருக்கே தெரியவில்லை. என்ன கேஸ் என்று கேட்டார்கள், சொன்னேன். எனக்கு 'சைக்கிள்' என்று பேர் வைத்துவிட்டார்கள். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் தினமும் அடிதடி. நேற்று ஒருவன் மண்டை குழாயில் மோதி ரத்தமாகிவிட்டது, அவனைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்தவன் வாளியை வைக்கிறான். பழகிவிடும்.

நீ கேட்டதற்குப் பதில். சனிக்கிழமை நான் கடைசிவரை போனேன். திரும்பி வரும்போதுதான் கட்டினேன், பன்னிரண்டையும் கட்டினேன். தோப்பில் கம்பி எதுவும் இல்லை. உடையப்பன் என்னைப் பார்த்துக் கையைக்கூட ஆட்டினான். நாம் காலையில் வருவோம் என்று அவனுக்குத் தெரியும், ஒவ்வொரு ஞாயிறும் தோப்புக்குள் நமக்கு வழி விடுகிறவனே அவன்தான். துணியைப் பார்த்த பிறகும் கம்பி இழுத்திருக்கிறான் என்றால் அது காட்டுப்பன்றிக்கு வைத்ததா? நீயே யோசித்துப் பார்.

இதற்கு மேல் எழுத முடியாது. இங்கே கடிதத்தைப் படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள்.

அவன் பேசுகிறானா? தாடையில் போட்ட கம்பியை எப்போது எடுப்பார்களாம்? தெரிந்தால் எழுது.

ஆனந்திக்கு என் முத்தம்.

ஜெரின்

* * *

மரியே வாழ்க
திண்டுக்கல்
12.3.2025

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். தோள்பட்டைக் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். நீ கடிதம் போட்ட பிறகு எனக்குச் சோறு இறங்குகிறது. கோபத்துக்குச் சாப்பாடு தேவைப்படுகிறது போலிருக்கிறது.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். போன வருஷம் உன் மச்சான் சர்வேயர் என்ற முறையில் தோப்பை அளந்தபோது எல்லைக்கல் உடையப்பனுக்குப் பாதகமாக வந்ததையும் சொன்னேன். அந்த வாரம் முழுக்க அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. இதுவரை கவனக்குறைவு மாதிரி எழுதியிருந்த கேஸைக் கொலைக் கேஸாக மாற்ற முடியுமா என்று பார்க்கிறார்களாம். உன் வாக்குமூலத்தை வாங்க அங்கேயே வருவார்கள். எனக்கு எழுதியதை அப்படியே சொல்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, மச்சானின் அண்ணன் அருளப்பன் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு பவர் ரம்பத்தோடு தோப்புக்குப் போனார். முப்பத்தொரு மாமரம். எல்லாம் பூவோடு நின்றவை. பேச்சாயி ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம். இரண்டு பேர் அவள் கையைப் பிரித்து, இழுத்து வரப்பில் போட்டுவிட்டு அந்த மரத்தையும் அறுத்தார்கள். மோட்டார் ரூமுக்கும் தீ வைத்துவிட்டார்கள். மறுநாள் ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்தேன். தரையெல்லாம் பூவும் தூளும், பிசின் வாடை. எனக்குப் பாவமாகவே இல்லை. ஏன் முப்பத்தொன்றோடு நிறுத்தினார்கள் என்று நினைத்தேன்.

தவக்காலத்தில் மன்னிக்கப் பழக வேண்டும் என்றார் சாமியார். அவர் புருஷனா செத்தார் என்று கேட்டுவிட்டேன். பாவசங்கீர்த்தனக் கூண்டில் அப்படிப் பேசிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

நீதான் எனக்கு மிச்சம். வக்கீல் ஜெய்தூன் பீவி ஜாமீன் மனுப் போட்டிருக்கிறார். நல்லது நடக்கும்.

உன் அக்கா
கிளாரா

* * *

சிறையிலிருந்து
25.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் ஆனந்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம், முன்பல் இரண்டைத் தவிர. கரண்டு அடித்துச் செத்தவன் துள்ளுவது எப்படி என்று ஒருவன் ஆடிக் காட்டினான். சாப்பாட்டுத் தட்டை எடுத்து அவன் காதோடு அடித்தேன். அவன் கூட்டாளிகள் நாலு பேர் என்னைச் சுவரோடு வைத்துத் தேய்த்துவிட்டார்கள். இப்போது எனக்கும் கஞ்சிதான். ஒருவிதத்தில் நியாயம்தான் என்று வை.

மரத்தை ஏன் அக்கா வெட்டினார்கள்? மரம் என்ன செய்தது? பேச்சாயி அத்தை கையால் நாம் எத்தனை சொம்பு மோர் குடித்திருக்கிறோம். அருளப்பன் அண்ணனைத் தடுத்திருக்கலாம்.

வாக்குமூலம் வாங்க வந்தார்கள். சொன்னேன்.

ஒரு உதவி. என் சைக்கிள் உன் வீட்டு மாடிப்படிக்கு அடியில்தானே நிற்கிறது? நத்தத்திலிருந்து என் சிநேகிதன் ஜெரோமை வரச் சொல்லி, அப்படியே எடுத்துக்கொண்டு போகச் சொல். பையோடு கொடுத்துவிடு, எதையும் கழற்ற வேண்டாம். துருப்பிடித்து வீணாவதற்கு அவனாவது ஓட்டட்டும்.

ஆஸ்பத்திரிப் பக்கம் போகாதே. அங்கே போய் உனக்கு ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. கம்பி எப்போது எடுப்பார்கள் என்று நீ எழுதவே இல்லை.

ஜெரின்

* * *

மரியே வாழ்க
திண்டுக்கல்
6.4.2025

தம்பி ஜெரினுக்கு,

பல் போனதைப் படித்து ஆனந்தி அழுதாள். புண் ஆறிவிட்டதா? வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி, அங்கே கிடைத்தால்.

போகாதே என்று நீ எழுதினாய். நான் போனேன். காய் நறுக்குகிற கத்தியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். இதை அங்கே படித்துப் பார்க்கிற அதிகாரியும் படிக்கட்டும். புண் சீழ் பிடித்து, உடையப்பன் தாடையை மறுபடி அறுத்து மறுபடி கட்டியிருக்கிறார்கள், கம்பி எடுக்க ஜூன் ஆகுமாம். காவலுக்கு இருந்த போலீஸ்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். கட்டில் பக்கத்தில் நின்றேன். அந்த ஆள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். ஓடவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. வாய்க்குள்ளேயே ஏதோ சொல்லப் பார்த்தார். கம்பி இடுக்கில் எச்சில்தான் வந்தது. எழுதிக் காட்டவும் முடியாது, கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். என் கை பைக்குள்ளேதான் இருந்தது.

அப்போது பேச்சாயி வந்து எவர்சில்வர் தூக்குவாளியால் என் முதுகில் ஓங்கி அடித்தாள். திரும்பியதும் முகத்தில் அடித்தாள். நானும் அவள் கழுத்தைப் பிடித்தேன். கஞ்சி இரண்டு பேர் மேலும் கொட்டி, வழுக்கி, கட்டிலடியில் உருண்டோம். நர்ஸ்கள் வந்து பிரிக்கும்போது அவள் கத்தியதைக் கேட்டேன்.

"எம் புருசன் கம்பி கட்டுனது தப்புத்தான், தூக்குல போடு. ஆனா ஒந்தம்பி வாசல்ல வந்து நின்னப்ப அந்த மனுசன் கையெடுத்துக் கும்புட்டு என்ன சொன்னாருன்னு கேளு. 'ஏப்பா, ஒங்கிட்டதானப்பா சொன்னேன்'னாரு. சொல்லி வாய மூடல, வாயிலயே போட்டான். மண்டையில போடல, கையில போடல, வாயிலயே மூணு போடு போட்டான்."

அழுகையில் என்னவோ உளறுகிறாள் என்று வெளியே வந்துவிட்டேன். ஆட்டோவில் வரும்போதுதான் கேட்டேன், எனக்குள்ளேயே. உடையப்பன் உன்னிடம் என்ன சொன்னார், ஜெரின்? அதை எழுது. பேச்சாயி பொய் சொல்கிறாள் என்றால் அதையாவது எழுது.

இப்படிக்கு
கிளாரா

* * *

சிறையிலிருந்து
14.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகு வலி எப்படி இருக்கிறது? பள்ளிக்கூடத்துக்குப் போகிறாயா? ஆனந்திக்குப் பரீட்சை முடிந்துவிட்டதா? சாயங்காலத்தில் அவளுக்குச் சளி பிடிக்கும், பார்த்துக்கொள். குருத்து ஞாயிறு ஓலை வாங்கிச் சிலுவை செய்தாயா? மச்சான் படத்துக்கு ஒன்று வை. இங்கே வெயில் தாங்கவில்லை, மற்றபடி நலம்.

பேச்சாயி பொய் சொல்கிறாள். புருஷனைக் காப்பாற்ற அவள் எதுவும் சொல்வாள்.

ஜெரோம் வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டானா?

ஜெரின்

* * *

மரியே வாழ்க
திண்டுக்கல்
28.4.2025

ஜெரினுக்கு,

உயிர்த்த ஞாயிறு வந்து போய்விட்டது. நீ கேட்ட எல்லோரும் நலம்.

ஜெரோம் சனிக்கிழமை வந்தான். சைக்கிளைத் துடைத்துக் கொடுக்கலாம் என்று படிக்கட்டுக்கு அடியிலிருந்து எடுத்தேன். ஹாண்டில் பையில் மண் ஒட்டியிருந்தது, கழற்றி உதறினேன். பஞ்சர் ஒட்டுகிற டப்பா, ஒரு வாழைப்பழத் தோல், வெள்ளைத் துணி ஐந்து விழுந்தன.

அந்தத் துணிகள் எங்கள் கல்யாண வேட்டியில் கிழித்தவை. ஓரத்தில் பச்சைக் கரை இருக்கும். ஒரு துணியையும் மரத்தில் விட்டுவிட்டு வந்துவிடக் கூடாது என்று அவர் மார்க்கர் பேனாவால் நம்பர் போட்டு வைத்திருந்தார், எல்லைக்கல்லுக்குப் போடுவது மாதிரி. உன் பையில் இருந்தவை எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. ஒன்றிலிருந்து ஆறு வரை அன்று திரும்பும்போது நம் ஆட்கள் அவிழ்த்துச் சுருட்டினார்கள். ஏழாம் நம்பரை அந்தப் புளியமரத்திலிருந்து நான் அவிழ்த்தேன், அவரை வேனில் ஏற்றிய பிறகு. முகத்தை மூட வேறு துணி இல்லை என்று நினைத்து அவிழ்த்தேன். அது போதவில்லை. இன்னமும் என்னிடம்தான் இருக்கிறது.

நான் கணக்கு டீச்சர், நீ என்னிடமே படித்தவன். கடைசிவரை போய்த் திரும்பும்போது கட்டியிருந்தால் பன்னிரண்டுதான் முதலில் பையை விட்டுப் போயிருக்கும், ஒன்று கடைசியில். உன் பையை விட்டு ஒன்றிலிருந்து ஏழு வரைதான் போயிருக்கிறது. அப்படியென்றால் நீ போகும்போதே கட்டினாய். ஏழுக்கு அப்பால் நீ போகவே இல்லை. பன்னிரண்டையும் கட்டினேன் என்று எனக்கு எழுதினாய், போலீஸிடமும் சொன்னாய். உன் சொல்லை நம்பித்தான் ஒரு ஆளைத் தூக்குக்கு அனுப்ப நான் அலைந்தேன். முப்பத்தொரு மரத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

சைக்கிளை ஜெரோமிடம் கொடுக்கவில்லை. அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நத்தத்தில் அவன் நிச்சயதார்த்தம். நீ ஏழு மணிக்கே வந்துவிட்டாய் என்றான். காய்ச்சலா இருந்தது என்று கேட்டேன். "காய்ச்சலா? நல்லா ஆட்டம் போட்டானேக்கா" என்றான்.

ஏழாம் துண்டுக்குள் என்ன நடந்தது?

கிளாரா

* * *

திண்டுக்கல்
2.6.2025

ஜெரினுக்கு,

முப்பத்தைந்து நாள் ஆகிவிட்டது. உனக்கு உடம்பு சரியில்லையா என்று சிறைக்குப் போன் போட்டுக் கேட்டேன். நன்றாக இருக்கிறாய் என்றார்கள்.

போன வாரம் நேரிலேயே வந்தேன். மனு எழுதி, வரிசையில் நின்று, என் பேரைக் கூப்பிட்டதும் வெளியே வந்துவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ உட்கார்ந்திருப்பாய், கண்ணாடியை உடைத்துக்கொண்டு உன் கழுத்தைப் பிடித்துவிடுவேனோ என்று பயம் வந்துவிட்டது. பெருமைக்குச் சொல்லவில்லை. உன்னை இரண்டு வயதிலிருந்து இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான், அதனால்தான் இவ்வளவு வெறி வருகிறது.

ஜாமீனை இரண்டாவது தடவையும் தள்ளிவிட்டார்கள். வரும் பன்னிரண்டாம் தேதி உடையப்பன் வாயிலிருந்து கம்பியை எடுக்கிறார்கள். அதற்குள் உன்னிடமிருந்து எனக்குத் தெரிய வேண்டும். அவர் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டால், அதன் பிறகு நீ எழுதுகிற ஒரு கடிதத்தையும் நான் பிரிக்க மாட்டேன்.

ஆனந்தி நலம்.

கிளாரா

* * *

சிறையிலிருந்து
9.6.2025

அக்கா,

நலம் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. இந்தக் கடிதத்தை இங்கே படிப்பார்கள், நகல் எடுப்பார்கள். தெரிந்துதான் எழுதுகிறேன்.

ரொம்ப மாதமாகவே நான் போகும்போதே கட்டிவிடுவேன். பாதை எப்போதும் நன்றாகத்தானே இருக்கிறது என்ற நினைப்பு. போகும்போதே கட்டிவிட்டால் கடைசியிலிருந்து தார் ரோடு பிடித்துச் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடலாம். மச்சானுக்கு ஒருமுறை தெரிந்து திட்டினார். சரி சரி என்றேன்.

அன்றைக்கும் அப்படித்தான். புளியமரத்தில் ஏழாம் நம்பரைக் கட்டிவிட்டு உள்ளே போனேன். நடுத்தோப்பில் உடையப்பன் மாமா பாதைக்குக் குறுக்கே கம்பி இழுத்துக்கொண்டிருந்தார். "ஏலே அப்பு, கடலையப் பூரா பன்னி தோண்டிருச்சு. இன்னைக்கு கரண்டு விடுறேன், காலைல ஏழு மணிக்குத்தான் நிறுத்துவேன். நாளைக்கு எல்லாரையும் கண்மாய்க் கரை வழியாப் போகச் சொல்லிரு" என்றார். சரி மாமா என்றேன். "மறந்துறாதப்பா" என்றார். ரெண்டு தடவை சொன்னார்.

துணி அரைக் கிலோமீட்டர் பின்னால் இருந்தது. போய் அவிழ்த்துவிட்டு வர நாலு நிமிஷம்கூட ஆகாது. ஜெரோம் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தான். தோப்பின் பின் வழியாக அப்படியே நத்தம் ரோட்டில் ஏறிவிட்டேன், மச்சானுக்குப் போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று. அங்கே குடித்தேன். போனில் சார்ஜ் தீர்ந்தது. மறுநாள் ஒன்பது மணிக்கு எழுந்து சார்ஜ் போட்டால் முப்பத்தெட்டு மிஸ்டு கால். ஒன்றைக்கூடத் திருப்பிக் கூப்பிடவில்லை. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

அடக்கத்தில் குழியைச் சுற்றி எல்லோரும் உடையப்பனை வெட்டணும், கொளுத்தணும் என்றார்கள். நானும் சொன்னேன். சொல்லச் சொல்ல உண்மையாகவே அவர்தான் கொன்றார் என்று ஆகிவிட்டது. கோபத்தில்தான் அவர் வீட்டுக்குப் போனேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டு "ஒங்கிட்டதானப்பா" என்று ஆரம்பித்தார். பேச்சாயி அத்தை பின்னால் நின்றது. அந்த வாயை மூட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை. முதல் அடியிலேயே பல் தெறித்தது. அப்புறமும் அடித்தேன்.

பேச்சாயி சொன்னது அத்தனையும் நிஜம். நான்தான் பொய்.

ஜெரின்

* * *

மரியே வாழ்க
திண்டுக்கல்
21.7.2025

தம்பி ஜெரினுக்கு,

நானும் ஆனந்தியும் நலம். நீ நலமா என்று கேட்கிறேன், கேட்டுத்தான் பழக்கம்.

உன் கடிதம் போன மாதம் பதினொன்றாம் தேதி வந்தது. படித்ததும் கடப்பாரையை எடுத்துப் போய் உன் சைக்கிளை உடைத்தேன். சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாக வளைத்தேன், சட்டத்தில் போட்ட போட்டில் முன்பு அடிபட்ட என் தோள்பட்டை மறுபடி விட்டுப்போனது. கீழ் வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அப்போதும் ஆறவில்லை. நாற்பது நாள் ஆகியும் ஆறவில்லை. அதனால்தான் பதில் எழுதவில்லை.

பன்னிரண்டாம் தேதி ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாயைத் திறந்ததும் உடையப்பன் முதலில் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு என்னைப் பார்த்து மெதுவாக, குழறிக் குழறிச் சொன்னார்.

"டீச்சர், தம்பிகிட்ட சொல்லிட்டேன், துணி இருக்காதுன்னு நெனச்சேன். நீங்க எல்லாம் அந்தத் துணிய நம்பித்தான வருவீக, நானும் அதத்தான் நம்புனேன்."

தெரியும் என்றேன். பிறகு அவரை ஒரு அறை அறைந்தேன், உடையாத பக்கமாகப் பார்த்து. மனுஷர் போகிற பாதையில் கரண்டுக் கம்பி இழுத்த கைக்கு அது. அவர் வாங்கிக்கொண்டார். பேச்சாயி தடுக்கவில்லை, சேலைத் தலைப்பால் அவர் வாயைத் துடைத்துவிட்டாள். நான் அவள் காலில் விழுந்தேன், மரத்துக்காக. எழுந்திரு என்று அவள் சொல்லவில்லை. நானாகத்தான் எழுந்தேன்.

உன் கடிதத்தையும் ஆறு துணிகளையும் கோர்ட்டில் ஒப்படைத்துவிட்டேன். கொலைக் கேஸ் போடுகிற பேச்சு நின்றுவிட்டது. கம்பி இழுத்ததற்கும் ஒரு உயிர் போனதற்கும் உடையப்பன் மேல் கேஸ் நடக்கும், நடக்கட்டும். உன் கேஸில் நான் சாட்சி சொல்லப்போகிறேன். கோபத்தில் அடித்தான் என்று அல்ல, வாயை மூட அடித்தான் என்று. ஜாமீனுக்கு இனி நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஜெய்தூன் பீவியிடம் சொல்லிவிட்டேன். அவர் ஃபைலை மூடி வைத்தார். மரம் வெட்டியதற்கு அருளப்பன் மேல் புகார் எழுதிக்கொடுத்ததும் நான்தான். அவர் என் வீட்டு வாசலுக்கே வந்து என்னை ஓங்கி அறைந்தார். நீ வெளியே வந்தால் உன்னை வெட்டுவேன் என்று தெருவே கேட்கக் கத்திவிட்டுப் போனார். நீயும் அவரும் இனி என் வீட்டுக்குள் வர வேண்டாம்.

நேற்று நான் மட்டும் உன் மச்சானுடைய சைக்கிளில் போனேன். ஒற்றைத் தோளோடு மெதுவாக ஓட்டினேன். படுகையில் நாணல், அப்புறம் வயல், அப்புறம் சரளை ஏற்றம், ஒரு வண்டி கிடையாது. புளியமரத்தடியில் இறங்கித் தள்ளினேன். அடிமரங்களில் துளிர் வந்திருக்கிறது. அவர் விழுந்த இடத்தில் பேச்சாயி ஒரு கல்லை நட்டுவைத்திருக்கிறாள். யாரும் சொல்லி நட்டதில்லை. கடைசிவரை போய்ப் பார்த்தேன், திரும்பி வந்தேன். துணி எதுவும் கட்டவில்லை.

கல்யாண வேட்டியில் மிச்சம் இருந்ததிலிருந்து ஒரு துண்டு கிழித்து, ஏழு என்று நானே எழுதி, இதோடு வைத்திருக்கிறேன். இப்போது அது உன் கைக்கு வராது. விசாரித்துவிட்டேன். கைதிக்கு வருகிற பொருளைச் சட்டை, செருப்பு, கடிகாரத்தோடு ஆபீஸில் வைத்திருந்து, விடுதலையாகிற அன்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார்களாம். எத்தனை வருஷம் ஆனாலும் அன்றைக்கு உன் கையில் முதலில் அதுதான் இருக்க வேண்டும்.

வாங்கிக்கொண்டு நேரே அந்தப் புளியமரத்துக்குப் போ. கட்டிவிடாதே. உள்ளே போ, அவர் விழுந்த இடத்தைத் தாண்டிக் கடைசிவரை போய்ப் பார். திரும்பி வரும்போது கட்டு. கட்டிய பிறகு எனக்கு எழுது. அதுவரை எழுதாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா
கிளாரா